வேலை இல்லாத ஊரில் உதவித்தொகைக் குடும்பங்களுக்கு எந்த வழி? ஒரு ஒப்பீடு

ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதியில், முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கத்து ஊர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து பத்து லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். கோயில் திருப்பணிக்கும் ஊருணிக் கரைக்கும் ஏற்கெனவே செய்தாகிவிட்டது. இந்த முறை, ஊரிலேயே மிகவும் கஷ்டப்படுகிற இருபது குடும்பங்களுக்கு நிலையான வருமானம் வர வழி செய்யலாம் என்று ஊர்ச் சங்கம் நினைக்கிறது. இரண்டு வருடம் அவகாசம். எதில் பணத்தைப் போடுவது?

தையல் மிஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பிவிடலாம் என்பார் இன்னொருவர். குழுக்கடன், ஆடு மாடு, கம்பெனி வேன் என்று பட்டியல் நீளும். எல்லாமே எங்கோ ஒரு இடத்தில் பலன் தந்தவைதான். எந்த மாதிரி ஊரில், எந்த மாதிரி வீட்டுக்குப் பலன் தந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த இருபது குடும்பங்கள் யார் என்று பார்ப்போம். கணவனை இழந்தவர், கணவன் விட்டுப்போனவர், படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீடு, குடியால் சீரழிந்த வீடு, நிலமே இல்லாத வீடு. ரேஷன் அரிசி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட மாத ஓய்வூதியம், அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலை: இவற்றை வைத்துத்தான் இந்த வீடுகளில் உலை கொதிக்கிறது. "சும்மா காசு கொடுத்துக் கொடுத்து சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்ற பேச்சு எந்தக் கூட்டத்திலும் வரும். அதற்கு ஆதாரம் கிடையாது. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆறு நாடுகளில் ஏழு உதவித்தொகைத் திட்டங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், உதவித்தொகை வாங்குவதால் ஆட்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்தப் பேச்சிலேயே கூட்டத்தின் பாதி நேரம் போய்விடும் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

ஆனால் ஒரு பயம் உண்மையிலேயே இருக்கிறது. "கம்பெனி வேலைக்குப் போனா ஆயிரம் ரூபாயை நிறுத்திருவாங்களோ?" கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டால் இந்தப் பயம் போய்விடும். உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது வைத்த வரம்பு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் வருடத்துக்கு 1,44,000. ஒரே சம்பளக்காரர் உள்ள வீடு அந்த வரம்புக்கு வெகு கீழேதான் நிற்கும். இதை வீடு வீடாகப் போய், பேப்பரில் எழுதிக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப் போகிறேன்.

அடுத்து ஊர். வானம் பார்த்த பூமி, வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம். நெல், மிளகாய், கொஞ்சம் பருத்தி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்திதான், ஆனால் நிலம் இல்லாதவருக்கு அதில் வருவது பழம் பறிக்கிற கூலி மட்டும். மற்ற மாதங்களில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுவது. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் சேர்ந்த இரண்டில் ஒன்று ராமநாதபுரம், மற்றது விருதுநகர். கமுதி அருகே 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இருந்தது. கட்டி முடித்த பிறகு அப்படி ஒரு நிலையத்துக்குத் தேவைப்படுவது தகடு கழுவவும் காவல் காக்கவும் சிலர், கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள். பெரிய முதலீடு வந்தாலே பக்கத்து ஊருக்கு நிலையான வேலை வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வெளியூர் வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பார்கள். இதற்குச் சங்கம் ஒரு பைசா போட வேண்டியதில்லை. 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி முடித்தவர்களில் 70 விழுக்காட்டுப் பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்பது பயிற்சி நிறுவனத்துக்கு விதி. வட்டாரத்தில் நடக்கும் இளைஞர் திறன் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் போதும். வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும், போக விருப்பமும் இருந்தால், இதைவிட நல்ல வழி இல்லை.

நம் இருபது வீடுகளில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? ஆறேழு வீட்டில் இருக்கலாம். மற்ற வீடுகளில் இருப்பது நாற்பது தாண்டிய அம்மா, வயதான மாமியார், பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைகள். அந்த அம்மாவை ஒரகடத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்புகிற பிள்ளைகளையும் அனுப்பிவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. அறை வாடகை, சாப்பாடு, வருஷப் பொங்கலுக்கு ஊர் வந்து போகிற செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். முதல் சில மாதங்களில்தான் பலரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும்போது கூடுதல் கவனம் வேண்டும். மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, விடுதியை விட்டு வெளியே விடாமல் வேலை வாங்கிய 'சுமங்கலி' முறையை இந்தத் தென்மாவட்டக் குடும்பங்கள் மறக்கவில்லை. மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, விருப்பப்பட்ட அன்று வெளியே வர முடியுமா: இந்த மூன்றையும் விசாரிக்காமல் ஒரு பிள்ளையைக்கூட வண்டி ஏற்றக் கூடாது.

குழுக்கடன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கொடுத்தது ஏராளம். வங்கி வாசல் ஏறும் தைரியமே அதில் வந்ததுதான். ஆனால் வருமானமே நிலையில்லாத வீட்டுக்குக் கடனை முதல் படியாகக் கொடுப்பது தப்பு. நம் ஹைதராபாத்தில் நடந்தது உட்பட ஆறு நாடுகளின் ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சிறுகடன் ஏழ்மையைத் தலைகீழாக மாற்றியது என்று எந்த நாட்டிலும் காட்ட முடியவில்லை. ஏற்கெனவே சின்னதாகக் கடை கண்ணி நடத்துகிறவருக்குக் கடன் உதவும். அடுத்த வேளைக்கு வழி தேடுகிறவருக்கு அது வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஒரு தவணைக்காரர்தான். தையல் மிஷினுக்கும் இதையே சொல்வேன். முந்நூறு வீடு இருக்கிற ஊரில் எத்தனை பேர் ரவிக்கை தைத்துப் பிழைக்க முடியும்?

பக்கத்து டவுனில் இருக்கும் வேலைக்கு ஊரிலிருந்தே போய் வருவது மூன்றாவது வழி. என் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாத வழி இதுதான். பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் ஜவுளிக்கடை, மருத்துவமனை, உணவகம், கடலோரத்தில் இறால் நண்டு பதப்படுத்தும் கூடங்கள் என்று வேலைகள் இருக்கின்றன. நிறைய இல்லை, இருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. சிக்கல் என்னவென்றால், பஸ் இலவசம், ஆனால் எட்டரை மணி வேலைக்குப் போகிற நேரத்தில் நம் ஊருக்குப் பஸ் இல்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று வருகிற ஊரில் இலவசம் என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை.

இதைச் சரிசெய்யப் பணத்தைவிட அலைச்சல்தான் அதிகம் தேவைப்படும். அக்டோபர் 2 கிராம சபையில் பேருந்து நேரத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம், அதன் நகலோடு பணிமனைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனு, அதுவரை ஐந்தாறு பெண்கள் சேர்ந்து போக ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பாதி வாடகை. அப்புறம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். அங்கன்வாடி விட்ட பிறகு அம்மா வந்து சேரும் வரை குழந்தைகளை வைத்துக்கொள்ள ஊரிலேயே ஒரு பாட்டிக்கு மாதம் ஏதாவது கொடுத்து ஏற்பாடு செய்யலாம். இந்த வழியில் நாலைந்து வீடுகளுக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, டவுனிலேயே அவ்வளவு வேலை இல்லை.

மீதி இருக்கிற ஒன்பது பத்து வீடுகள்தான் கடினமானவை. வெளியே போக முடியாது, உள்ளூரில் வேலை இல்லை. இவர்களுக்கு வழிகாட்டும் அனுபவம் பங்களாதேஷிலிருந்து வருகிறது. அங்கே பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் கடைநிலை ஏழைகளுக்காக 2002இல் தொடங்கிய முறை இது. குடும்பத்துக்கு ஆடு மாடு மாதிரி ஒரு சொத்து, அது பலன் தரும் வரை சாப்பாட்டுக்குச் சின்னத் தொகை, ஒரு சேமிப்புக் கணக்கு, மருத்துவ உதவி, இவற்றோடு ஒன்றரை இரண்டு வருடம் வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு ஆள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களோடு இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் வருமானமும் சாப்பாடும் மேம்பட்டே இருந்தன. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் அழியவில்லை. பிகார் அரசு 2018இலிருந்து தன் ஜீவிகா மகளிர் குழுக்கள் மூலம் இதே மாதிரி ஒரு திட்டத்தை நடத்துகிறது.

"ஆடு கொடுத்ததை நாங்களும் பார்த்திருக்கோம்" என்பார்கள். சரி. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள், ஐந்து வருடத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு என்பது இலக்கு. சில வீடுகளில் அந்த நான்கு ஆடு பட்டியாகப் பெருகியது. பல வீடுகளில் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ விற்றுவிட்டார்கள், இல்லையென்றால் நோயில் போனது. விற்றவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. அவசரத்துக்கு வேறு வழி இல்லாத வீட்டில் எந்தச் சொத்தும் நிற்காது. ஆடு நிற்க வேண்டுமென்றால் அவசரத்துக்கு வேறொரு பணம் வேண்டும், ஆடு சோர்ந்து நிற்கும்போதே பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஆறு நாடுகளில் ஹோண்டுராஸில் மட்டும் இந்த முறை தோற்றது. அங்கே கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதுதான் பெரிய காரணம்.

இன்னொரு தோல்விக் கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது, இதை ஊர்ச் சங்கங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய தெலங்கானாவின் மேதக் பகுதியில் இதே முறையை நடத்திப் பார்த்தார்கள். மொத்த வருமானத்தில் முன்னேற்றமே தெரியவில்லை. முறை தப்பாக நடக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே விவசாயக் கூலி ஏறிக்கொண்டிருந்தது, நூறு நாள் வேலையும் இருந்தது. மாடு மேய்க்க நின்றவர் கூலியை இழந்தார், கூலிக்குப் போனவர் மாட்டை விற்றுக் கடனை அடைத்தார். ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விட்டது. அதனால் ஆடு கொடுக்கும் முன்னால், இந்த வீட்டுக்காரர் பகலில் என்ன செய்கிறார், வருடத்தில் எத்தனை நாள் கூலி கிடைக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். கூலி நிறையக் கிடைக்கிற வீட்டுக்கு ஆடு வேண்டாம்.

வாராவாரம் வருகிற அந்த ஆளின் மதிப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1996இல் சட்டம் மாறி, உதவித்தொகை வாங்குவோர் வேலைக்குப் போயாக வேண்டும் என்று ஆனபோது, கிராமப்புறங்களில் என்ன செய்வதென்று தனியாகச் சோதித்தார்கள். இல்லினாய் மாநிலத்தின் தென்கோடி மாவட்டங்களில் சமுதாயக் கல்லூரி ஒன்று வேலை தேட உதவியாளர்களை வைத்தது, பெரிய மாற்றம் வரவில்லை. நெப்ராஸ்காவில் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவின் நன்கு படித்த கல்வியாளர்கள் வீட்டுக்கே போய், பணத்தைத் திட்டமிடுவது, பிள்ளை வளர்ப்பு, சிக்கல் வந்தால் சமாளிப்பது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அங்கேயும் வித்தியாசம் குறைவுதான். ஆனால் வேலை கிடைப்பதே மிகக் கடினம் என்று கருதப்பட்டவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது வேலையும் சம்பாத்தியமும் கூடியிருந்தன.

இதற்கெல்லாம் அடியில் நூறு நாள் வேலை இருக்கிறது. 2025-26இல் தமிழ்நாட்டில் நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் 33,600. ஆனால் நூறு நாளும் கிடைக்கிற வீடு குறைவு, அளவு எடுத்த பிறகு முழுக் கூலி வருகிற வாரமும் குறைவு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியது. கூடவே செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் வைத்தது, விவசாயப் பருவத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி விட்டது. ஏட்டில் நாள் கூடியதால் கையில் கூலி கூடும் என்று நம்பி உட்கார முடியாது. வேலை கேட்டு எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி, கூலி வங்கிக்கு வந்ததா என்று பார்த்துக் கொடுக்க ஒருவர் இருந்தால், இதே திட்டத்திலிருந்து இருபது வீட்டுக்கும் கூடுதல் வருமானம் வரும். ஆடு பலன் தரும் வரை சாப்பாட்டுக்கு வேண்டிய தொகையை இந்தக் கூலியே பார்த்துக்கொள்ளும். நூறு நாள் திட்டத்தில் தனிநபர் பணியாக ஆட்டுக் கொட்டகை கட்டவும் இடம் இருந்தது, புதிய ஏற்பாட்டிலும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக, பத்து லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் ஒரு ஆள். உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், மகளிர் திட்டத்தில் சமுதாய வளப் பயிற்றுநராக இருந்தவர் என்றால் ரொம்ப நல்லது. மாதம் 15,000 ரூபாய், 24 மாதத்துக்கு 3,60,000. சங்கத்தில் சண்டை இதில்தான் வரும். "சம்பளத்துக்கே மூணரை லட்சமா? அதுக்கு இன்னும் நாப்பது ஆடு வாங்கலாமே" என்பார்கள். வாங்கலாம். இரண்டாவது வருடம் அந்த நாற்பதில் எத்தனை நிற்கும் என்பதுதான் கேள்வி. அடுத்து, வெளியே போக முடியாத பத்து வீடுகளுக்குத் தலா நான்கு பெட்டையாடு, ஒன்று 8,000 என்று வைத்தால் 3,20,000. ஷேர் ஆட்டோவுக்கும் பிள்ளை பார்க்கிற பாட்டிக்கும் இரண்டு வருடத்துக்கு 1,20,000. மீதி இரண்டு லட்சம் அவசர நிதி: ஆஸ்பத்திரி, ஆட்டுக் காப்பீடு, வெளியூர் போகிற பிள்ளைக்கு முதல் மாத வாடகை. ஆட்டை விற்க நினைக்கிற வீடு முதலில் இந்த நிதியைக் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பதைச் சங்க நிர்வாகிகள் தனியாகச் செய்யக் கூடாது. தெருத் தெருவாக உட்கார்ந்து மக்களையே சொல்ல வைக்கும் மக்கள் நிலை ஆய்வு முறை நம் மகளிர் குழுக்களுக்குப் பழக்கமானதுதான். காலனியில் தனியாகவும் ஒரு கூட்டம் வைக்க வேண்டும். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் அங்கிருந்து வருகிறவர்கள் வாய் திறந்து பேச முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தாயுமானவர் திட்டம் ஐந்து லட்சம் கடைநிலைக் குடும்பங்களை இலக்காகக் கொண்டது. அந்தப் பட்டியலில் நம் ஊரிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று ஊராட்சியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆடுகளைப் பருவமழைக்கு முன்னால் வாங்கிவிட வேண்டாம். மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்ட பிறகு வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பக்ரீத் நெருங்கும்போது சந்தையில் விலை ஏறும், அது விற்கிற காலம், வாங்குகிற காலம் இல்லை. பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைக்கிற, இந்த வெயிலும் மேய்ச்சலும் பழகிய நாட்டு ஆடே போதும்.

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தாது. உங்கள் ஊர் அவிநாசி பக்கமோ ஓசூர் பக்கமோ இருந்து, விடிந்தால் கம்பெனி வேன் வாசலில் வந்து நிற்கிறதென்றால், ஆட்டுப் பணத்தைப் பிள்ளை பார்க்கும் ஏற்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள். கடலோர ஊர் என்றால் கருவாடு, நண்டு வேலையில் இருக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள், அவர்களுக்கு வேண்டியது ஐஸ் பெட்டியாகவும் ஏலக்காரரிடமிருந்து விடுதலையாகவும் இருக்கலாம். இருபது வீட்டில் பதினைந்து வீட்டில் இளைஞர்கள் இருந்தால் பயிற்சிப் பக்கம் எடை கூடும். எந்த ஊரானாலும் அந்த 3,60,000 ரூபாய்ச் சம்பளத்தில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன்.